விளையாட்டு வடிவமைப்புக் கல்வியும் வைகைக்கரை ஆட்டங்களும்

கணினி விளையாட்டுகளை உருவாக்குவது இன்று பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997-இல் இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் முதுநிலைப் படிப்பாக இது உள்ளது. நிரலாக்கம், ஓவியம், ஒலி ஆகியவற்றோடு விதிகளை அமைக்கும் கலையும் இக்கல்வியில் அடங்கும். யார் எப்போது என்ன செய்யலாம், தோற்கும் நிலையிலிருப்பவர் மீள வழியுண்டா என்பனவே வடிவமைப்பாளரின் முதற்கேள்விகள்.

இக்கேள்விகளோடு இராமநாதபுரம் கடற்கரையில் வைகை முடியும் அழகன்குளத்திலிருந்து ஆற்றின் வழியே மேலே சென்றால் கீழடியை அடையலாம். 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அதுவும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கு நடந்த அகழாய்வில் சுடுமண் வட்டச்சில்லுகள் சுமார் 600 கிடைத்தன. ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தன. சில்லாட்டம் இன்றும் தெருவில் ஆடப்படுவதால் சில்லின் பயனை ஊகிக்கலாம். பகடை எந்தக் கட்டத்தின்மேல் உருண்டது, எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பதை மண் சொல்லவில்லை.

மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகர ஆட்டப்பலகைக்கும் இதே நிலைதான் இருந்தது. பலகை சுமார் 4500 ஆண்டுப் பழமையுடையது. கி.மு. 177-ஐச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் படித்த பிறகே அதன் ஆட்டமுறை ஓரளவு விளங்கியது. யாரோ ஒருவர் எழுதி வைத்ததன் பயன் இது.

நம் ஆட்டங்களில் பல வாய்மொழியாகவே வந்தவை. பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். இரு வரிசையில் 14 குழிகள். காய்களாகப் புளியங்கொட்டை அல்லது சோழி. காய்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'; குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். எதிராளி ஆடும்போதும் நமக்குப் பசு விழலாம் என்பதால் கண்ணை எடுக்க முடியாது. தன் முறை வரும்வரை ஆட்டக்காரர் சலிப்படையாமலிருக்க என்ன செய்வது என்று வடிவமைப்பு மாணவர் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கலுக்கு இவ்விதி எளிதாக விடை தருகிறது. ஆடுபுலி ஆட்டமோ வேறு வகை: 3 புலிகளுக்கு எதிரே 15 ஆடுகள். புலி வெட்டி வெல்லும், ஆடு வழியடைத்து வெல்லும். இலக்கே வேறான இரு தரப்புக்கும் வெல்லும் வாய்ப்பைச் சமன்செய்வது கடினமான வேலை.

கனடாவின் டொரொன்டோவில் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டும் இங்கே குறிப்பிடத்தக்கது. புலம்பெயர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தியின் தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை அது பெற்றது.

வெளியூர் சென்று இத்துறையைப் பயிலும் இராமநாதபுரத்து மாணவர்கள் விடுமுறையில் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. பல்லாங்குழியைத் தொடங்கக் குழிக்கு எத்தனை காய், தோற்றவர் அடுத்த சுற்றில் எத்தனை குழிகளை இழப்பார் என்பவை இடத்துக்கு இடம் மாறுபடும். ஆடத் தெரிந்த மூத்தவர்களோடு உட்கார்ந்து ஆடி, ஊர்ப்பெயரோடு இவ்விதிகளைக் குறித்து வைக்கலாம்.