குதிரைக்கும் பிசியோதெரபியா என்று சிரித்தவன் எழுதுவது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும். பிசியோதெரபி முடித்த கையோடு என்னிடம் வந்து, "சார், நான் விலங்குகளுக்கு இந்த வைத்தியம் செய்யணும்னு ஆசைப்படறேன். அப்பாகிட்ட நீங்க சொன்னா கேப்பார்" என்று கேட்டவள். நானோ அவள் அப்பா எதிரிலேயே, "நாய்க்குக் கால் பிடிச்சு விடவாம்மா நாலரை வருஷம் படிச்சே?" என்று சிரித்துவிட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு இங்கிலாந்து போய் அதையே படித்து, இன்று குதிரைகளுக்கு வைத்தியம் செய்கிறாள். அவள் கிளம்பிப் போன பிறகு அப்பா இரண்டு வருடம் அவளோடு பேசவில்லையாம். அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

"ஹிஸ்டரி வாத்தியார் நீங்க. இதுக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்கு, படிச்சுப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரம் படித்தேன்.

பத்தாம் வகுப்பில் பொகாஸ்காய் கல்வெட்டு பற்றி நான் சொன்னது நினைவிருக்கிறதா? துருக்கியில் அதே இடத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், மிட்டானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்ற குதிரைப் பயிற்சியாளர் சொன்ன பாடங்களும் உண்டு. வயது சுமார் 3,400 ஆண்டுகள். தேர்க்குதிரையை எத்தனை சுற்று ஓட்டுவது, எப்போது குளிப்பாட்டுவது, என்ன தீவனம் வைப்பது என்று நாள்வாரியாக ஓர் அட்டவணை. சுற்றுகளை எண்ண அவர் சொல்லும் ஐகா, தேரா, பன்சா, சத்தா என்ற எண்கள் நம் வடமொழிக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். உழைப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசை தாங்கும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

இன்றைய தொழிலின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே 1894இல் நான்கு செவிலியர்கள் சேர்ந்து தொடங்கிய மசாஜ் சங்கம்தான் பிற்பாடு பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமாக வளர்ந்தது. அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த சார்லஸ் ஸ்ட்ராங் என்ற பிசியோதெரபிஸ்ட், மின்னோட்டத்தால் தசையைச் சுருங்கி விரியச் செய்து வலியைக் குறைப்பார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் போலோ பைத்தியமான மவுன்ட்பேட்டன். ஆமாம், நம் கடைசி வைஸ்ராயேதான். "எனக்குச் செய்வதை என் குதிரைக்கும் செய்யக்கூடாதா?" என்கிற யோசனை அவருடையது. ஸ்ட்ராங் செய்து பார்த்தார், பலித்தது.

சட்டமும் கூடவே வந்தது. 1966இன் கால்நடை மருத்துவர் சட்டப்படி அங்கே நோயைக் கண்டறிவது கால்நடை மருத்துவர் வேலை. அவர் சொன்ன பிறகே பிசியோதெரபிஸ்ட் கை வைக்கலாம். 1985இல் விலங்குகளுக்கு வைத்தியம் செய்யும் பிசியோதெரபிஸ்டுகளுக்கென்று தனிச் சங்கம் வந்தது. முதலில் மனிதருக்குப் படித்துத் தேறி, அதன்மேல் விலங்குக்குப் படிக்க வேண்டும். நான் சிரித்தது அந்த இரட்டைப் படிப்பைப் பார்த்துத்தான்!

ஏன் இவ்வளவு படிப்பு? குதிரையின் எடை 500 கிலோவுக்குப் பக்கம். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது, நரம்பு போல முறுக்கேறிய தசைநாண்கள்தான். கால் உடைந்தால் நம்மைப்போல் மாதக்கணக்கில் படுக்கவும் முடியாது. படுத்தே கிடந்தால் அதன் எடையே தசையையும் நுரையீரலையும் கெடுத்துவிடும். நின்றால் நல்ல கால் அதிகச் சுமை தாங்கிக் குளம்பு கெடும்.

2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பெரிய அறுவைசிகிச்சை செய்து, மயக்கம் தெளியும்போது துள்ளிக் காலை மறுபடி உடைத்துக்கொள்ளாமல் இருக்க, மிதவையில் வைத்துக் குளத்தில் இறக்கினார்கள். உடைந்த கால் தேறி வந்தது. ஆனால் சுமை தாங்கிய இடது காலின் குளம்பு கெட்டது. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நாய்களுக்கு இதே தண்ணீர்தான் பெரிய உதவி. கண்ணாடித் தொட்டிக்குள் நடைப்பட்டை ஓடும். தண்ணீர் இடுப்பு மூட்டு வரை நின்றால் உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான் கால்களுக்கு வரும். முழங்கால் ஜவ்வு அறுந்த நாயும், முதுகுத்தண்டு வட்டு பிதுங்கிப் பின்னங்கால் செயலிழந்த டாஷ்ஹண்டும் அதில் மறுபடி நடை பழகும். அமெரிக்காவில் 2010இல் இதைக் கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

அம்மா, இதைப் படிக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அப்பாவுக்கும் நேற்று போன் செய்து பேசினேன். "வாத்தியாரே சிரிச்சப்போ நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அந்தப் பழி என்னுடையதுதான். அன்று அவர் எதிரில் சிரித்தேன், இன்று எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் பிள்ளை கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், பதில் சொல்லும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அதைப் பற்றிப் படித்துப் பாருங்கள். எனக்கு இப்போது ஆன மாதிரி, ஒரு வாரம் போதும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்