கடைசி இடத்தில் இருந்தவர்



ஞாயிறு மாலைகளில் நம் ஆலயத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். சென்ற வாரம் ஒரு சிறுவன், தன்னிலும் மிக வல்லவனான ஓர் அண்ணனோடு ஆட மறுத்துவிட்டான். "எப்படியும் தோற்கத்தானே போகிறேன், ஐயரே?" என்றான். உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பிய பின்பே மேனுவல் ஆரோன் நினைவுக்கு வந்தார்.

பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த ஆரோன், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். கிராண்ட்மாஸ்டர் ஒருவர்கூட நம் தேசத்தில் இல்லாத காலம் அது. மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில், உலக வாகையர் பட்டத்தை நோக்கிய தகுதிப் போட்டியில் அமர்ந்தார். மொத்தம் 23 பேர். ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். பாபி ஃபிஷர் 17½ புள்ளிகளோடு முதலிடம் பெற்றார். ஆரோனுக்கு 4 புள்ளிகள்; 23ஆம் இடம்.

ஆனால் அந்த நான்கில் இரண்டு யாரிடமிருந்து வந்தவை என்று பாருங்கள். ஒருவர் ஹங்கேரியின் போர்டிஷ், மற்றவர் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மன், இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். அடுத்த சுற்றுக்கு ஆறு பேருக்கே இடம். ஆறாம் இடத்தில் மூவர் 13½ புள்ளிகளோடு சமமாக நின்றனர். போர்டிஷும் ஊல்மனும் பெற்றவை தலா 12½. ஆரோனை வென்றிருந்தால் இருவருமே அந்த மூவரோடு சேர்ந்திருப்பார்கள்! கடைசி இடத்தவரிடம் இழந்த ஒரு புள்ளி அவர்களுக்கு அவ்வளவு விலை வைத்தது.

இவ்விடத்தில் தாவீதையும் கோலியாத்தையும் இழுத்து வருவது போதகர்களாகிய எங்களுக்கு எளிது; நானும் பலமுறை செய்திருக்கிறேன். இம்முறை மனம் ஒப்பவில்லை. தாவீதை ஊரே பாடிக் கொண்டாடியது. ஆரோனோ கடைசி இடத்தோடுதான் ஊர் திரும்பினார். திரும்பியவர் பலகையை மூடிவைக்கவில்லை. 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசிய வாகையரானார். சென்னை சோவியத் கலாசார மையத்தில் 1972இல் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தைப் பேணி வளர்த்தார். நம் காவிரி இன்னும் கீழே சென்று தொடும் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக ஆடிப் பழகியது அந்த மன்றத்தில்தான். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

வரும் ஞாயிறு அந்தச் சிறுவனை அழைத்து, ஸ்டாக்ஹோம் புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிக்கச் சொல்லப் போகிறேன்.