'இஸ்கெலட்டன்' என்று சொன்னால் தப்பா? ஆங்கில மெய்யொலிகள் தமிழரையும் சீனரையும் படுத்துவது ஏன்?

'ஸ்கெலட்டன்' என்று ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அந்தச் சொல்லை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முன்னால் ஓர் 'இ' வந்து ஒட்டிக்கொள்கிறதா?

1880-களில் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என ஆங்கிலப் பெயர்கள் இங்குள்ள தமிழர்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊருக்குள் யாரும் கண்டுகொள்ளாத அந்த 'இ', அங்கே இன்டர்வியூவில் கேலிக்கு ஆளாகலாம்.

இது படிப்புக் குறைவா?

இல்லை. தாய்மொழியின் ஒலி விதிகள்தான் காரணம். தமிழ் இலக்கணப்படி ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. அதனால்தான் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது, புக் 'புக்கு' ஆகிறது.

சீனர்களுக்கும் இதே கதைதான். மாண்டரின் மொழியில் மெய்யொலிகள் கொத்தாக வருவதில்லை. சொல் முடிவிலும் 'ன்', 'ங்' போன்ற மிகச் சில மெய்களே வரும். எனவே அவர்களும் நடுவிலோ கடைசியிலோ ஓர் உயிரொலியைச் சேர்ப்பார்கள், அல்லது கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள்.

எங்கே ஒன்றுபடுகிறோம், எங்கே வேறுபடுகிறோம்?

- 'நினை' என்பதற்கான ஆங்கிலச் சொல்: நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விட வேண்டும். நாம் 'திங்க்' என்போம்; மாண்டரின் பேசுபவர் பெரும்பாலும் 'சிங்க்' என்பார்.
- வெஸ்ட்: பனியனுக்கும் மேற்குத் திசைக்கும் இருவருமே ஒரே 'வ'வைப் போடுகிறோம். பனியனுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மேற்குக்கு உதடு குவிய வேண்டும்.
- ஃப: இது சீனர்களுக்குச் சுலபம், அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. நம் வாயில்தான் 'ரீஃப்' 'ரீப்பு' ஆகிறது.
- பின்: குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. குண்டூசிக்கு வாயிலிருந்து காற்று பீறிட வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லுங்கள்; தாள் அசைந்தால் சரி. மாண்டரினில் இந்தக் காற்று வேறுபாடு உண்டு என்பதால் சீனர்கள் இங்கே தப்பித்துவிடுகிறார்கள்.

எதைத் திருத்த வேண்டும்?

எல்லாவற்றையும் அல்ல. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்த ஒலி பிசகினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து 2000-ல் நூலாக வெளியிட்டார். 'திங்க்', 'சிங்க்' வகைப் பிசகு பெரிய தடையில்லை என்பது அவர் முடிவு. குண்டூசிக்கான காற்று முக்கியம். சொல் தொடக்கத்தில் உள்ள மெய்யை விழுங்குவது, கூடுதலாக ஓர் உயிரொலியைச் சேர்ப்பதைவிட அதிகம் குழப்பும்.

அதாவது, ஸ்டேஷனை 'இஸ்டேஷன்' என்றால் வெளிநாட்டுக்காரர் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். 'டேசன்' என்றால்தான் முழிப்பார். இன்டர்வியூவுக்கு முன் நேரம் குறைவாக இருந்தால், 'ஃப'வையும் அந்தத் தாள் பயிற்சியையும் முதலில் பாருங்கள். 'இஸ்கெலட்டன்' கொஞ்சம் காத்திருக்கட்டும்.