மரச்சீனியும் எல்லைக்கோடும்

தென் திருவிதாங்கூர் வரலாறு எழுதுகிறவர்கள் அரசர்களை எழுதுகிறார்கள், போராட்டங்களை எழுதுகிறார்கள். அடுக்களையை எழுதுவோர் குறைவு. பாறசாலையில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் அதைப்பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சட்டியில் மரச்சீனிக்கிழங்கு. மற்ற தமிழர்கள் மரவள்ளி என்பார்கள். மத்திய கேரளத்தார் கப்பை என்பார்கள். எல்லைக்கு இருபுறமும் எங்கள் பக்கத்தில் அது மரச்சீனிதான்.

தென் அமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கு போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் போதும். கம்பை வெட்டி நட்டால் முளைக்கும். வயல் இல்லாத ஏழைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதன் அருமை 1942இல் தெரிந்தது. திருவிதாங்கூர் தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்கி வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அந்தக் காலத்தைக் கடந்ததைப் பற்றி என் பாட்டி ஒரே வரியில் சொல்வார்: "அரிசி இருந்தவன் எண்ணித் தின்னான், கிழங்கு இருந்தவன் தின்னு உறங்கினான்."

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையில் விழுந்த கோடு உறவுகளையும் பிரித்தது. 1960களின் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தபோது, அத்தை வீட்டிலிருந்து வரும் நாலு படி அரிசிகூடக் கடத்தல் சரக்காகிவிட்டது! கிழங்குக்கு அந்த வம்பு இல்லை. கொல்லையில் பிடுங்கினால் அன்றைய பாடு தீர்ந்தது.

காலையில் கஞ்சியும் பயறும், மத்தியானம் கிழங்கும் சாளைக் குழம்பும். மீன் இல்லாத நாளில் காந்தாரி மிளகாயும் தேங்காயும் அரைத்த தொவையல். பலா இலையைக் கோட்டிக் கஞ்சி கோரிக் குடிப்போம். நான் ஆரம்பப் பள்ளி மாணவன். சோறு கொண்டுவரும் பையன்களுக்கு முன்னால் என் பொதியை அவிழ்க்க வெட்கப்பட்டு, பல நாள் பள்ளிக் கிணற்றுக்குப் பின்னால் போய்த் தின்றிருக்கிறேன்.

"கிழங்கு வெந்தா வெள்ளத்த இறுத்துக் களயணும் மக்களே, இல்லேண்ணா தல சுத்தும்" என்று பாட்டி அடிக்கடி சொல்வார். பிற்பாடுதான் காரணம் படித்தேன். கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவதை உடல் முறியடிக்கப் புரதத்திலுள்ள கந்தகம் வேண்டும். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. சாளையும் பயறும் அந்தக் குறையைத் தீர்த்தன. எழுத்தறியாத பாட்டிகள் வகுத்த கணக்கு இது!

1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய அரசு கிழங்குப் பயிர்களுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. அதாவது, நான் கிணற்றுக்குப் பின்னால் ஒளித்துத் தின்ற அதே காலத்தில், சில காத தூரத்தில் அறிஞர்கள் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

இன்று வெளியூரில் நம் பிள்ளைகள் ஓட்டலில் விலை கொடுத்துக் கிழங்கும் மீனும் வாங்கித் தின்கிறார்கள். நல்லதுதான். கூடவே ஒன்றைச் சொல்லிக்கொடுப்போம்: அது அலங்காரத் தின்பண்டமாக நம் வீட்டுக்கு வரவில்லை. பஞ்சத்தில் நம்மை உயிரோடு வைத்தது. பாட்டி போன பிறகுதான் அந்த வெட்கத்துக்காக வெட்கப்பட்டேன். அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.