முழங்கால் திருகிய இரவு

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற மணத்தி கணேசனோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அங்கிருந்து முப்பத்தோரு ஆண்டுகள் தாண்டி ஒரகடத்துக்கு வருகிறோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆறு பேர் தங்கும் அறை ஒன்று. என் அக்கா மகன் அங்கே இருக்கிறான். மன்னார்குடிப் பக்கத்துப் பையன். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை.

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீகின் 12-வது சீசன் அன்றைக்குத்தான் ஆரம்பம். தமிழ் தலைவாஸும் தெலுங்கு டைட்டன்ஸும் முதல் ஆட்டம். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனைச் சுற்றி, முதல் ஷிப்ட் முடித்து வந்த நாலு பேர் குந்தியிருந்தார்கள். “மாமா, இந்த வாட்டி பாருங்க, பவனும் வந்தாச்சு, அர்ஜுன் தேஷ்வாலும் வந்தாச்சு” என்றான். 38–35 என்று தலைவாஸ் ஜெயித்தது. கூச்சல் கேட்டு எதிர் அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எட்டு சீசனாக இந்த அணியைப் பார்க்கிற எவருக்கும் முதல் ஆட்ட வெற்றி என்றால் உள்ளுக்குள் ஒரு பயம் வரும். 2018-லும் அப்படித்தான் நடந்தது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் சீசனின் முதல் ஆட்டம், எதிரில் தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றிருந்த பாட்னா பைரேட்ஸ். 42–26 என்று நம்மவர்கள் அவர்களைச் சுருட்டிப் போட்டார்கள். அந்த சீசன் முடிந்தபோது பி பிரிவில் தலைவாஸுக்குக் கடைசி இடம்.

அணி பிறந்தது 2017-இல், லீகின் ஐந்தாவது சீசனில். சச்சின் டெண்டுல்கர் அப்போது உரிமையாளர்களில் ஒருவர். தலைவர் இமாசலத்தின் அஜய் தாக்கூர். 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானை 38–29 என்று வென்ற இந்திய அணியின் முதன்மை ரெய்டர் அவர்தான். அவரைவிட நல்ல தொடக்கம் ஒரு புதிய அணிக்குக் கிடைத்திருக்காது. அந்த சீசனிலும் பிரிவில் கடைசி இடமே கிடைத்தது. 2019-இல் 94 லட்ச ரூபாய் கொடுத்து ராகுல் சௌத்ரியைச் சேர்த்தார்கள். அஜய், ராகுல், மஞ்சீத் சில்லர் என்று மூன்று பெரிய பெயர்கள் ஒரே சட்டையில். 22 ஆட்டங்களில் 4 வெற்றி, 15 தோல்வி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. நடுவில் பயிற்சியாளரும் மாறினார். கொரோனாவுக்குப் பிறகு பெங்களூருவில் பார்வையாளர் இல்லாமல் நடந்த எட்டாவது சீசனில் பதினோராவது இடம்.

பெரிய பெயர்கள் ஏன் போதவில்லை? கபடியில் ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். கபடி தங்கள் ஆட்டத்தின் மறுபாதி மாதிரி இருக்கிறது என்று ரக்பிக்காரர்கள் சொன்னால் அது நியாயமானதே. ஓடி வருபவனின் இடுப்பையும் தொடையையும் கணுக்காலையும் தேடும் பிடி இரண்டிலும் உண்டு. ஒருவன் கை வைத்ததும் அடுத்தவன் தோள் கொடுக்காவிட்டால் பிடி நழுவுவதும் இரண்டிலும் உண்டு. பாடி வருகிற ரெய்டரை இடது கார்னர் கணுக்காலில் பிடிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் கவர் அரை நொடி முன்னால் நகர்ந்திருக்க வேண்டும். பல நாள் சேர்ந்து ஆடியவர்களுக்கு மட்டும் வருகிற பழக்கம் அது. ஏலத்தில் ஒருவரை வாங்கலாம், இந்த அரை நொடியை வாங்க முடியாது. தலைவாஸின் வரலாற்றில் இதை எல்லாரும் கண்ணால் பார்த்த இரவு ஒன்று உண்டு.

2022 அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா அரங்கம். ஒன்பதாவது சீசன். அந்த ஆண்டு ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் செராவத்தைத் தலைவாஸ் எடுத்திருந்தது. அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் கிடைக்காத தொகை. தகுதியில்லாமல் கொடுக்கவில்லை, முந்தைய மூன்று சீசன்களிலும் ரெய்டில் அவர்தான் முதலிடம். தலைவர் பதவியும் அவருக்கு. பெங்களூரு புல்ஸின் நாயகனாக அவர் ஆடிய அதே அரங்கில் புதிய சட்டையோடு முதல் ஆட்டம். எதிரில் குஜராத் ஜயண்ட்ஸ். அவர்களின் தலைவர் தமிழ்நாட்டுக்காரரான சந்திரன் ரஞ்சித். நம் ஊர்ப் பையன் அந்தப் பக்கம், வடநாட்டு நட்சத்திரம் இந்தப் பக்கம் என்று நின்ற அந்தக் காட்சி என் மனதை இன்னும் விட்டுப் போகவில்லை.

முதல் பாதியிலேயே, ரெய்டரைத் தடுக்கப் போன ஒரு பிடியில் பவனின் முழங்கால் திருகியது. ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கிப் போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. ஆட்டம் 31–31 என்று சமனில் முடிந்தது. அடுத்த நாள் காலை டீக்கடைகளில் பேசியதெல்லாம், இந்த வருசமும் போச்சு என்பதுதான். நானும் அப்படித்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நின்று பார்க்க வேண்டும். முதல் சில ஆட்டங்கள் தள்ளாட்டம்தான். அப்போதும் நடு சீசனில் பயிற்சியாளர் மாறினார். இம்முறை வந்தவர் ஆஷன் குமார். தோள் கொடுக்கப் பெரிய பெயர் எதுவும் இல்லாததால் சின்னப் பையன்களே ஆட வேண்டியிருந்தது. நரேந்தர் கண்டோலா என்ற புதுமுகம் தன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். கார்னரில் சாகர் ராத்தீயும் சாஹில் குலியாவும், அவர்களுக்கு நடுவில் நம்மூர் எம். அபிஷேக் உள்ளிட்ட கவர்களும் வாரத்துக்கு வாரம் ஒட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது இடம் பிடித்து அணி முதல்முறையாக பிளே-ஆஃபுக்குள் போனது. யுபி யோத்தாஸோடு 36–36, டை-பிரேக்கரில் 6–4. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39–37 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. தலைவாஸ் ஆடிய சீசன்களில் ஆகச் சிறந்தது, தலைவன் விழுந்துவிட்ட சீசன்தான்.

அந்த அரையிறுதியிலிருந்து இரண்டு அணிகளும் இரண்டு வழியில் போயின. பல்டனுக்குப் பின்னால் ‘யுவா பல்டன்’ என்ற இளையோர் அணி இருந்தது. அஸ்லம் இனாம்தார் போன்றவர்கள் அதில் பழகி மேலே வந்தவர்கள். அடுத்த சீசனில் அதே அஸ்லமின் தலைமையில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28–25 என்று வென்று பல்டன் பட்டம் எடுத்தது. அது 2024 மார்ச் 1. நாமும் அந்த ஆண்டு அதே பையன்களைத்தான் வைத்திருந்தோம். பவனை விட்டுவிட்டோம், பெரிய விலைக்கு யாரையும் வாங்கவில்லை. அப்படியும் 9 வெற்றி, 13 தோல்வி, ஒன்பதாவது இடம். ஆகவே இளைஞர்களை நம்பினால் போதும் என்று நான் எழுதினால் அது பொய். என் கணிப்பு இது: பல்டனிடம் ஏழு பேருக்குப் பின்னால் இன்னொரு ஏழு பேர் இருந்தார்கள். நம்மிடம் இருந்தது முதல் ஏழு மட்டும். ஒருவன் சோர்ந்தால் அந்த இடத்தில் நிற்க, அதே பழக்கத்தில் வளர்ந்த ஆள் கிடையாது.

அங்கே பொறுமை தேவைப்பட்டது. ஆனால் மீண்டும் ஏலப் பலகையைத்தான் பார்த்தோம். 2024-இல் 2 கோடியே 15 லட்சத்துக்குச் சச்சின் தன்வர். உதயகுமாரும் தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதனும் பயிற்சிக்கு வந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியும் களத்தில் நின்ற சேரலாதனைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. மறுபடி ஒன்பதாவது இடம். 2025-இல் பயிற்சியாளர் சஞ்சீவ் பலியான், 1 கோடியே 40 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து அர்ஜுன் தேஷ்வால், 59.5 லட்சத்துக்குத் திரும்பி வந்த பவன். என் அக்கா மகன் கைதட்டிய அந்த ஆகஸ்ட் இரவுக்குச் சில வாரங்களிலேயே பவன் அணியோடு இல்லை. ஒழுங்கு நடவடிக்கை என்று அணி அறிவித்தது, அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது என் வேலை இல்லை. அர்ஜுன் தனியாளாகச் சுமந்தார். சென்னையிலும் ஆடினோம். பிளே-ஆஃபுக்குப் போகும் எட்டு அணிகளில் தலைவாஸ் இல்லை.

இனி தேறுமா இந்த அணி? தேறும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கு டைட்டன்ஸ் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது சீசன்களில் தொடர்ந்து கடைசி இடம். அந்த மூன்றிலும் சேர்த்து அவர்கள் ஜெயித்தது ஐந்தே ஆட்டம். பத்தாவது சீசனில் அவர்களும் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து இதே பவனை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு பயிற்சியாளர் கிருஷன் குமார் ஹூடாவிடம் அணியை ஒப்படைத்துக் காத்திருந்தார்கள். அடுத்த சீசனில் ஏழாவது இடம். அதற்கடுத்து 2025-இல் விஜய் மாலிக்கின் தலைமையில் இரண்டாவது தகுதிச் சுற்று வரை வந்து, பல்டனிடம் தோற்றார்கள். நம்மைவிடப் பெரிய பள்ளத்தில் கிடந்தவர்கள் அவர்கள்.

நம் பையன்களுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. தலைவாஸ் வெளியேறிய அதே 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் இரண்டு கபடி அணிகளும் ஈரானை வென்று தங்கம் எடுத்தன. பெண்கள் அணியின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ். வடுவூரில் குழந்தை நடக்கும் முன்பே கோடு தாண்டும் என்று சொல்வார்கள். டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளி கபடி நடக்காத ஊர் குறைவு. இராட்டினத்துக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, விடிய விடிய ஆட்டம். பரிசு சுழற்கோப்பை, சில ஊர்களில் அண்டா, குத்துவிளக்கு.

ஊர் மண்ணில் ஆடியவனை நாட்டுக்கு ஆட வைத்தது எது என்பதைத்தான் இந்தத் தொடரில் வாரம் வாரம் தேடிக்கொண்டிருக்கிறேன். முந்தைய தலைமுறைக்கு அது வேலை. மணத்தி கணேசன் சன் பேப்பர் மில் அணிக்கு ஆடினார், பிறகு மின்வாரியத்துக்கு ஆடினார். ரயில்வே, காவல்துறை, வங்கிகள் என்று எங்கெல்லாம் அணி இருந்ததோ அங்கெல்லாம் கபடிக்காரனுக்குச் சம்பளமும் இருந்தது. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், போட்டி வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. ஒரே ஏழு பேர் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடினார்கள். நான் மேலே சொன்ன அந்த அரை நொடி அங்கே உருவானது. புனேயில் யுவா பல்டன் செய்ததை, ஏலம் என்ற சொல்லே கபடிக்குள் வராத காலத்தில் நம் மில்லும் மின்வாரியமும் செய்துகொண்டிருந்தன.

அந்த வேலை இன்றைக்கு எங்கே இருக்கிறது? இருங்காட்டுக்கோட்டை முதல் சுங்குவார்சத்திரம் வரை, ஒரகடம் முதல் வல்லம் வடகால் வரை, இந்தச் சாலைகளில் இருக்கிறது. 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து டெல்டாவும் தெற்கும் தங்கள் பையன்களை இங்கேதான் அனுப்புகின்றன. பெண்களையும் அனுப்புகின்றன. வல்லம் வடகாலில் தொழிலாளர் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த ஒரே குடியிருப்பில் 18,720 படுக்கைகள். அதில் எத்தனை கார்த்திகாக்கள் படுத்து எழுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகள் ஆளுக்கொரு கபடி அணி வைக்கட்டும். ஒரு மேட், ஒரு பயிற்சியாளர், ஆட்டக்காரர்களுக்கு நிரந்தரமாக முதல் ஷிப்ட், போட்டிக்கு விடுப்பு. தலைவாஸ் நிர்வாகம் அந்த லீகை நடத்தி, தன் இரண்டாவது ஏழு பேரை அங்கிருந்து எடுக்கட்டும். ஒரு சச்சின் தன்வரின் ஏல விலையில் இப்படி எத்தனை அணிகளுக்கு ஆண்டு முழுக்கச் சோறும் மேட்டும் போடலாம் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சாலைக்கு மறுபடி எழுவது புதிதும் அல்ல. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது, அந்தக் கட்டடத்தில் இனி விளக்கு எரியாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து சால்காம்ப் நிறுவனம் அதே கட்டடத்தில் செல்போன் சார்ஜர் செய்ய ஆரம்பித்தது.

நவம்பரில் மறுபடி ஒரகடம் போயிருந்தேன். பையன்கள் தலைவாஸைப் பற்றிப் பேசவில்லை. அக்கா மகனின் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி கபடி ஷூ கிடந்தது, அடிப்பகுதி தேயாமல். ஊரில் அவன் இடது கார்னர். மூன்று வருடம் முன்னால் மாவட்ட அளவில் ஆடியவன். “பொங்கலுக்கு நம்மூர்ல மின்னொளி இருக்குல்ல மாப்ள, போறியா?” என்றேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “லீவு கேட்டிருக்கேன் மாமா, மூணு நாளு. லைன் லீடர் இன்னும் ஒண்ணும் சொல்லல.”