கணப்பும் சுவரும்

குளிர் மிகுந்த நாடுகளில் புது வீடு கட்ட முற்படும் ஒருவர் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். வீட்டின் சுவரும் கூரையும் சாளரங்களும் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடலாம் என்பது ஒன்று. எந்தக் கணப்பு முறையைக் கொண்டு வீட்டைச் சூடாக்குவது என்பது மற்றொன்று. நெடுங்காலம் மக்கள் இரண்டாவது வினாவையே முதலில் கேட்டு வந்தார்கள். அந்த வரிசை எவ்வாறு மாறியது என்பதை மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பழங்கால ரோமானியர் தரைக்கு அடியில் சூடான காற்றைச் செலுத்தி நீராடும் கூடங்களைச் சூடாக்கினர். கொரிய மக்கள் அடுப்புப் புகையைத் தரைக்கல்லின் கீழே ஓடவிட்டு, அத்தரையின்மேல் படுத்து உறங்கினர். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் பதினெட்டாம் நூற்றாண்டில் விறகைச் சிக்கனப்படுத்தும் இரும்புக் கணப்பை வகுத்தார். இவர்கள் எல்லோரும் நெருப்பைச் சீர்திருத்தியவர்கள். பின்னர் நிலக்கரி மலிவாகக் கிடைத்தது; வீட்டுக்கு வீடு புகை எழுந்தது. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரைப் புகைமூட்டம் கவ்வியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அதன் பயனாக எரிபொருள் மாறியது. வெப்பம் கசியும் சுவரோ மாறவில்லை.

மாறுதலுக்கு வித்திட்டது 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. மேற்கு ஜெர்மனியில் அவ்வாண்டின் இறுதியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடத் தடை விதிக்கப்பட்டது. மலிவான எண்ணெயை நம்பி மெல்லிய சுவர் எழுப்பியிருந்த குடும்பங்கள் அப்போதுதான் தங்கள் வீட்டின் தன்மையை உணர்ந்தன. கட்டடங்களின் வெப்பக் காப்புக்கென்று 1977-இல் அந்நாடு தனி விதி வகுத்தது.

நான் வகுப்பில் வெப்பவியல் நடத்தும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஓட்டைக் குடம் நிறைய வேண்டுமானால் விரைந்து நீர் இறைப்பதா, ஓட்டையை அடைப்பதா? விடை சொல்லத் தயங்கிய பிள்ளை ஒருவரும் இல்லை. வீடும் ஒரு குடமே. சுவரின் வழியே வெப்பம் கடத்தப்படுகிறது. இடுக்குகளின் வழியே சூடான காற்று நழுவுகிறது. கணப்பு செய்யும் வேலையெல்லாம் இவ்விழப்பை ஈடுசெய்வதுதான்.

குழந்தைக்கும் எளிதான இவ்விடையைக் கட்டடக் கலையில் மெய்ப்பித்துக் காட்டியவற்றுள் கனடாவின் ரெஜைனா நகர வீடு முதன்மையானது. சஸ்காச்சுவான் மாநில அரசு, தன் கடுங்குளிருக்கு ஏற்ற சூரியசக்தி வீடு ஒன்றை வடிவமைக்குமாறு ஆராய்ச்சியாளரைக் கேட்டுக்கொண்டது. அவர்களோ கணக்கிட்டுப் பார்த்து, தடித்த காப்புச் சுவரும் காற்றுப் புகாத கட்டுமானமுமே முதல் தேவை என்று கண்டனர். 1977-இல் எழுந்த அவ்வீட்டில் வழக்கமான உலை வைக்கப்படவில்லை. அதில் பொருத்திய சூரிய வெப்பக் கருவிகள் செலவு மிக்கவையாயும் பராமரிக்க அரியவையாயும் இருந்தமையால் பிற்பாடு நீக்கப்பட்டன. சுவர் நிலைத்தது, பொறி நிலைக்கவில்லை. வரலாறு நமக்கு இதைவிடத் தெளிவாகப் பாடம் கற்பிப்பது அரிது.

அடுத்த படியை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் காண்கிறோம். வோல்ப்காங் பைஸ்ட் என்னும் இயற்பியலாரும் சுவீடனின் போ ஆடம்சன் என்னும் பேராசிரியரும் 1988-இல் ஆய்ந்து வகுத்த கருத்தின்படி, கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு வரிசை வீடுகள் எழுந்தன. 1991-இல் குடும்பங்கள் குடியேறின. மூன்று கண்ணாடிகள் கொண்ட சாளரம், தடித்த காப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உட்புகும் காற்றுக்கு ஊட்டும் கருவி ஆகியவை அவற்றின் சிறப்புகள். இக்கருவி இன்றியமையாதது. காற்றை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்தை மறந்தால் ஈரம் தங்கும், சுவரில் பூசணம் பூக்கும், குடியிருப்போர் நோயுறுவர். இம்முறையின் அளவுகோல், கணப்புக்காக ஆண்டொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணிக்கு மேற்படாமை. ஒரு கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டணத்தில் காணும் ஒரு யூனிட்டே ஆகும்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். 1852-இல் கெல்வின் பிரபு எனப் பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், குளிர்ந்த இடத்திலிருந்தும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் செலுத்தலாம் என விளக்கினார். நம் கிணற்று ஏற்றம் நீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே கொணர்கிறது. வெப்பப் பம்பும் அத்தகையதே. சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் லிம்மாட் ஆற்று நீரின் வெப்பத்தை இவ்வாறு பெற்றது. நல்ல நிலையில் ஒரு யூனிட் மின்சாரம் மூன்று யூனிட் வெப்பத்தைத் தருகிறது. ஆயினும் ஏற்றத்துக்கு ஆழம் மிகுந்தால் உழைப்பு மிகுவதுபோல், அதிகச் சூட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் இதன் திறன் குறையும். காப்புள்ள வீட்டுக்குத் தரையில் 35 பாகை அளவில் ஓடும் வெந்நீரே போதும். ஆகையால் அங்கேதான் இப்பொறி நன்கு உழைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 சதுர மீட்டர் வீடு. சதுர மீட்டருக்கு 100 யூனிட் வெப்பம் வேண்டுமாயின் ஆண்டுக்கு 12,000. 15 யூனிட் போதுமாயின் 1,800. வெப்பப் பம்பினால் முன்னதற்கு 4,000 யூனிட் மின்சாரமும், பின்னதற்கு 600 யூனிட்டும் செலவாகும். சிறந்த பொறியைப் பெற்ற பின்னரும் மெல்லிய சுவர் ஆண்டுதோறும் 3,400 யூனிட்டைத் தண்டமாக வாங்குகிறது.

தடித்த சுவருக்குத் தொடக்கத்தில் செலவு கூடுதல் என்பது மெய். சட்டம் கேட்கும் அளவோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தில் விலையுயர்ந்த கணப்பு வாங்கலாம் என்று எண்ணுவாரும் உளர். அவர்களுக்கு என் விடை இதுவே: கணப்புப் பொறி சுமார் இருபது ஆண்டுகளில் தேய்ந்து மாற்றப்படும்; அன்று மேலான பொறி கிடைக்கக்கூடும். சுவரும் கூரையும் பேரர் காலம் வரை நிற்கும். அவற்றைப் பிரித்துத் திருத்துவது பெருஞ்செலவு. மாற்ற முடியாததை முதலில் நன்றாகச் செய்தல் வேண்டும். எளிதில் மாற்றக்கூடியதைப் பின்னர்த் தேர்ந்துகொள்ளலாம்.

பனிக்காலத்தில் எரிபொருளுக்குப் பணமின்றி நடுங்கும் முதியோர் செல்வ நாடுகளிலும் உண்டு. அவர்களுடைய குளிர், பல ஆண்டுகளுக்கு முன் எவரோ மெல்லியதாக எழுப்பிய சுவரின் விளைவு. மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம், பலர் வீட்டுக்குரியவராவீர்கள். எந்த நாட்டில் கட்டினாலும் கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் தேவையை எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள்.