வெள்ளம் புகுந்த வீடுகள்

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அளவு கடந்தபோது அது இறையில்லத்தையும் விட்டு வைத்ததில்லை. மக்கமாநகர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். ஹிஜ்ரி 17-ல் புகுந்த வெள்ளம் மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்தது. செய்தியறிந்து மதீனாவிலிருந்து வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அதனை உரிய இடத்தில் மீண்டும் அமைத்ததோடு நில்லாமல், மேட்டுப் பகுதியில் வெள்ளத்தைத் திருப்பிவிடக் கரையும் எழுப்பினார்கள். 1630-ல் வந்த வெள்ளத்தில் கஅபாவின் சுவர்களே சரிந்தன. உதுமானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் அவை மீளக் கட்டப்பட்டன.

நம் காலத்தில் நாம் கண்டது 2023 டிசம்பர். 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ரூ.6,000 வழங்கியது. பீரோவும் மெத்தையும் ஊறிப்போன வீட்டுக்கு அது எம்மாத்திரம்!

தண்ணீர் வடிந்த பின்பே வீட்டுக்காரரின் சோதனை தொடங்குகிறது. மின் இணைப்பைச் சோதிக்காமல் சுவிட்சைத் தொடலாகாது. மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர், வெயில் அடித்துக் காயும்போதும் விரிசல் கண்டு சரியக்கூடும். ஈரம் வற்றுமுன் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிவிடும். நம் முன்னோர் சுண்ணாம்பை விரும்பியது சிக்கனத்துக்காக மட்டும் அன்று. கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்ட பின்பே புழங்க வேண்டும். பத்திரங்களை நிழலில் உலர்த்த வேண்டும். படிக்க இயலாதவாறு சிதைந்த முஸ்ஹஃபுகளைக் கால்படாத தூய இடத்தில் அடக்கம் செய்வது மரபு.

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளவை. மலையில் பெய்யும் மழை ஓடைகள் வழியே கண்மாய்களுக்கு வருகிறது. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்ததற்குப் பாய்கிறது. வரத்துக்கால் அடைபட்டால் அந்நீர் தெருவைத்தான் தேடும். கடலோரத்தார் பட்ட துன்பம் நமக்கு வராது என்று எண்ணுவதற்கில்லை.

நம் ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகள் இன்றும் அலுவலகப் பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றை மாடிக்கு ஏற்றவும், நகல் எடுத்து வைக்கவும் நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.